அரசு அலுவலகத்தில் ஊக்கம் கொடுத்தால் வேலை நடக்குமா?

நடக்கும். ஆனால் ஊக்கம் என்றதும் நாம் பணத்தைத்தான் நினைக்கிறோம். தில்லியில் மத்திய அரசு வேலையில் 24 வருஷம் இருந்த எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

7வது சம்பளக் கமிஷனில் வருஷ இன்க்ரிமென்ட் 3 சதவீதம். ராத்திரி 8 மணி வரை உட்கார்ந்தவருக்கும் அதே 3, டீக்கடையில் நின்றவருக்கும் அதே 3. பதவி உயர்வே இல்லாவிட்டாலும் 10, 20, 30 வருஷத்தில் எம்ஏசிபி என்ற பெயரில் அடுத்த சம்பள நிலை உண்டு. சம்பளமும் வேலை நிரந்தரமும் இல்லாவிட்டால் மனக்குறை வரும், இருப்பதால் மட்டும் ஈடுபாடு வந்துவிடாது என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே எழுதிவிட்டார். 2014ல் பயோமெட்ரிக் வந்ததும் 9 மணிக்கு விரல் வைக்க ஓடினோம். ஆள் வந்து சேர்ந்தது, ஃபைல் நகரவில்லை.

எங்கள் பென்ஷன் பிரிவில் ஒரு ஹரியானாக்காரர், 56 வயது. அவரிடம் போன ஃபைல் கிணற்றில் போட்ட கல் என்பார்கள். ஒரு தமிழ் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் அவர் மேஜையில் 5 மாதம் கிடந்தது. சர்வீஸ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஓரெழுத்து வேறு. அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்கு மேலதிகாரியாகப் புதிதாக வந்த அண்டர் செகரட்டரி மெமோ கொடுக்கவில்லை. தில்லி முனிர்க்காவில் மகள் வீட்டில் இருந்த அந்த அம்மாவை வரவழைத்து, ஹரியானாக்காரர் எதிரிலேயே உட்கார வைத்தார். அம்மாவுக்கு ஹிந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். நான் நடுவில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சப் பையிலிருந்து கணவரின் பழைய அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, "இதுல இருக்கிற பேரு சரிதானே, தம்பி?" என்று என்னைக் கேட்டார். அதை ஹிந்தியில் நான் சொன்னபோது அந்த மனுஷர் அட்டையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அன்று சாயங்காலமே நோட் எழுதி, கணக்குப் பிரிவுக்குத் தானே எடுத்துப் போனார்.

ஆர்டர் கையெழுத்தானதும் அதிகாரி சொன்னது ஒன்றுதான்: "நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க." சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபைல் அட்டையிலும் பென்சிலால் சம்பந்தப்பட்டவரின் போன் நம்பரைக் குறித்து வைக்க ஆரம்பித்தார். முடிந்ததும் தானே கூப்பிடுவார். ஒரு பைசா கூடுதலாக வரவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும்: காலியிடம் நிரப்பாமல் ஒருவர் மூன்று சீட் பார்க்கும் பிரிவில் இதெல்லாம் செல்லாது. அங்கே முதலில் ஆள் வேண்டும்.

இரண்டு வருஷத்தில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் நோட்டைப் படிக்காமலே 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பேசப் போனால் நேரம் இருக்காது. நாலைந்து மாதத்தில் ஃபைல் அட்டைகளில் பென்சில் நம்பர் இல்லை.