நமட்டுச் சிரிப்பும் தூக்கிய புருவமும்

கேள்வி: ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனியின் அனிமேஷன் பட போஸ்டர்களில் நாயகன் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறான். இன்னொரு அனிமேஷன் கம்பெனியான பிக்சாரின் போஸ்டர்களில் அதை அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை. இது வரைபவர்களின் பழக்கமா, வியாபாரமா?

பதில்: பெரும்பாலும் வியாபாரம்தான் என்பது என் எண்ணம். டிஸ்னியை விட்டு வெளியேறிய ஜெஃப்ரி கட்ஸன்பெர்க், 1994-ல் இயக்குநர் ஸ்பீல்பெர்க், இசைத் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் இருவரோடும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி ட்ரீம்வொர்க்ஸ். 2001-ல் அவர்களுடைய 'ஷ்ரெக்' தேவதைக் கதைகளைக் கிண்டலடித்து ஓடியது, சிறந்த அனிமேஷன் படத்துக்கு முதன்முதலாகக் கொடுத்த ஆஸ்கரையும் பிக்சாரின் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தை முந்தி வாங்கியது. அப்புறம் அந்தக் கிண்டலே கம்பெனியின் முகமாகிவிட்டது. பெரியவர்களுக்கும் இதில் சிரிக்க விஷயம் இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்ல, தூக்கிய புருவத்தை விடச் சுலபமான வழி ஏது?

நட்சத்திரக் குரல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004-ல் வந்த 'ஷார்க் டேல்' படத்தில் நாயக மீனுக்கு, குரல் கொடுத்த வில் ஸ்மித்தின் சாயல், சைக்ஸ் என்ற பேத்தை மீனுக்கு, குரல் கொடுத்த இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அடர்ந்த புருவம். மீனைக் காட்டி நடிகரை விற்றார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பிக்சார் தன் பெயரையே விற்றது. 'வால்-ஈ' படத்தின் முதல் டீசர், 1994-ல் பிக்சார்காரர்கள் நாலு பேர் மதிய உணவுக்கு உட்கார்ந்து பேசிய கதையில்தான் தொடங்குகிறது, நடிகர்களைப் பற்றிய பேச்சே இல்லை. படத்தின் நாயகனான ரோபோவுக்கு வாயும் கிடையாது, பைனாகுலர் மாதிரி இரண்டு கண்கள், அவை சாய்கிற கோணத்திலேயே வெட்கமும் பயமும் ஏக்கமும் வந்துவிடுகின்றன.

சரி, இதை வைத்து ட்ரீம்வொர்க்ஸ் கலைஞர்களுக்கு முகபாவம் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போஸ்டர் வேறு, படம் வேறு. டிஸ்னியே 2010-ல் பையன்களும் வரட்டும் என்று 'ரபன்ஸல்' என்ற பெயரை 'டேங்கில்ட்' என்று மாற்றி, இதே கிண்டல் தோரணையில்தான் விளம்பரம் செய்தது. அதே வருடம் ட்ரீம்வொர்க்ஸ் எடுத்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' பாருங்கள். நாயகன் ஹிக்கப் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான், பேசத் தெரியாத அந்த டிராகன் கொஞ்சம் தயங்கி, பிறகு கண்ணை மூடித் தன் மூக்கை அவன் உள்ளங்கையில் வைக்கிறது.