பெருமந்த காலத்து அமெரிக்க கிராமப் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

அண்ணா, விவசாயிகளைப் படமெடுக்க அரசாங்கமே ஏன் சம்பளம் கொடுத்து ஆள் அனுப்பியது?

பிரசாரம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பெருமந்தம் என்ற 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935இல் மறுகுடியேற்றத் துறையைத் தொடங்கியது. அதுதான் 1937இல் விவசாயப் பாதுகாப்புத் துறையாக மாறியது. நிலமிழந்தவர்களுக்குக் கடனும் முகாமும் கொடுக்கப் பணம் வேண்டும், பணம் வேண்டுமென்றால் நகரத்துக்காரனும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் அந்த வறுமையைக் கண்ணால் பார்க்க வேண்டும். ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் அந்தப் படப்பிரிவை நடத்தினார். இன்னின்னதை எடுத்து வா என்று பட்டியலே எழுதி அனுப்புவார்.

மாட்டு மண்டையோட்டை நகர்த்தி வைத்து எடுத்தார்களாமே, அப்போ எல்லாமே செட்டப்பா?

அந்தப் பிரிவின் புகைப்படக்காரர் ஆர்தர் ரோத்ஸ்டீன், 1936, தெற்கு டகோட்டா மாநிலம். வெடித்துக் கிடந்த தரையில் ஒரு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்து எடுத்தார். அது தேர்தல் ஆண்டு, எதிர்க்கட்சிச் சார்புப் பத்திரிகைகள் விடுமா? வறட்சி பொய்யில்லை, ஆனால் நகர்த்தியதைக் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இதை வைத்து மொத்தத் தொகுப்பையும் பொய் என்பது அபத்தம்.

‘புலம்பெயர்ந்த தாய்’ (Migrant Mother) படத்தில் கன்னத்தில் கைவைத்த அந்தத் தாய், இரண்டு பக்கமும் முகம் திருப்பிய பிள்ளைகள்... அந்த அம்மாவுக்கு ஏதாவது கிடைத்ததா?

அப்போது ஒன்றுமில்லை. 1936 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் உறைபனியில் பட்டாணி அழிந்து, பறிக்க வந்தவர்கள் பட்டினியில் கிடந்தார்கள். அதே பிரிவின் புகைப்படக்காரர் டோரோத்தியா லாங்கே சிறிது நேரம் நின்று எடுத்துவிட்டுப் போய்விட்டார், பெயர்கூடக் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது, அதற்குள் இந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. கார் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதியதைக் குடும்பத்தார் பின்னாளில் மறுத்தார்கள். அந்தப் பெண் 1978இல்தான் வெளியே தெரிந்தார், படத்தால் தனக்கு எந்தப் பயனும் இல்லை என்று கசப்போடு சொன்னார். அவர் செரோகி பூர்வகுடி என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அரசுச் சொத்து என்பதால் லாங்கேவுக்கும் அதில் ராயல்டி கிடையாது. ஆனால் பெயர் கிடைத்ததே!

சில படங்களின் நடுவில் கறுப்பாக வட்டம் இருக்கிறதே?

ஸ்ட்ரைக்கரின் வேலை. பிடிக்காத நெகட்டிவில் ஓட்டை போட்டுவிடுவார். புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள், அப்புறம் ஒருவழியாக நிறுத்தினார்.

கறுப்பின மக்களை எடுக்கவே இல்லையா, சார்?

நிறைய எடுத்தார்கள். வெளியே போனதுதான் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். 1936இல் மிசிசிப்பியில் லாங்கே எடுத்த ஒரு படத்தில் தோட்ட முதலாளி காரின் மேல் காலை வைத்து நிற்கிறார், பின்னால் கடைத் திண்ணையில் கறுப்பினத் தொழிலாளர்கள். 1938இல் வந்த ஒரு நூலில் அந்தத் தொழிலாளர்களை வெட்டி எறிந்துவிட்டு முதலாளியை மட்டும் அச்சிட்டு, சுதந்திர அமெரிக்கனின் அடையாளம்போலக் காட்டினார்கள். மண்டையோட்டுக்குக் கூச்சல் போட்டவர்கள் இதற்கல்லவா போட்டிருக்க வேண்டும்?

இவற்றை என் வலைப்பூவில் போடலாமா?

தாராளமாக. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் 1,70,000க்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இருக்கின்றன, சுமார் 1,600 வண்ணப் படங்களும் உண்டு. பதிப்புரிமைச் சிக்கல் இல்லை, எடுத்தவர் பெயரைப் போடுங்கள். பிரபலமான படத்தோடு நிறுத்தாமல் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நெகட்டிவ் எண்களையும் திறந்து பாருங்கள், எதை விட்டுவிட்டு எதை அச்சுக்கு அனுப்பினார்கள் என்பது அங்கேதான் பிடிபடும்.