உள்ளாட்சி அலுவலகங்கள் கணினிமயமாகும்போது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நகராட்சியில் எல்லா விண்ணப்பங்களும் இணையத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் முன்பைவிடத் தாமதம் கூடியிருக்கிறது. ஏன் ஐயா?

பதில்: விண்ணப்பம் மட்டும்தான் இணையத்துக்குப் போயிருக்கும், உள்வேலை பழையபடியே நடக்கும். வந்த விண்ணப்பத்தை எழுத்தர் அச்செடுப்பார், கோப்பில் வைப்பார், மேசை மேசையாகக் கையொப்பம் வாங்குவார், கடைசியில் முடிவை மறுபடியும் கணினியில் ஏற்றுவார். ஒரே வேலை இரண்டு முறை. மென்பொருள் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு கையொப்பத்தையும் காட்டி "இது எதற்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். சட்டம் கேட்பது எது, வழக்கமாக ஒட்டிக்கொண்டது எது என்று இப்போதாவது பிரியுங்கள். இரண்டாவது வகையை எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: வழக்கத்தை மாற்றுவதற்குப் பதில் மென்பொருளையே நமக்கேற்ப மாற்றினால் என்ன?

பதில்: இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் அதைத்தான் செய்தது. 2022 ஏப்ரலில் கணக்கு, பணியாளர் நிர்வாகம் போன்ற வேலைகளுக்கான ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியபோது, தன் பழைய நடைமுறைக்காக அதில் நிறைய மாற்றங்கள் செய்துகொண்டது. வங்கிக்கு வந்த பணத்தைக் கணக்கோடு ஒப்பிடும் பகுதி சரியாக இயங்கவில்லை. ஊழியர்கள் கையால் ஒப்பிட வேண்டியதாயிற்று. செலவும் பல மடங்கானது. எனவே, சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: பழைய பதிவேடுகளை ஏற்றும்போது ஒருவர் பெயரே மூன்று விதமாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: வரிப் பதிவேட்டில் தந்தை பெயரோடு, குடிநீர் இணைப்பில் முதலெழுத்தோடு, கட்டட அனுமதியில் வேறு எழுத்துக்கூட்டலோடு இருக்கும். இயந்திரம் தானாக இணைக்கட்டும் என்று விட்டால், ஒருவர் வரி இன்னொருவர் தலையில் விழும். சந்தேகமானவற்றைத் தனிப் பட்டியலாக்கி, பகுதியை அறிந்த ஊழியரிடம் கொடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கேள்வி: சிறிய அலுவலகத்தை யார் தாக்கப்போகிறார்கள்?

பதில்: பாதுகாப்பு பலவீனமான எந்த இடமும் தாக்குபவர்களுக்குப் போதும். அமெரிக்காவின் பால்டிமோர் நகர நிர்வாகத்தின் கணினிகளை 2019 மே மாதத்தில் தாக்குபவர்கள் பூட்டி முடக்கியபோது, திறந்துவிடக் கேட்ட பிணைத்தொகை சுமார் 76,000 டாலர். நகரம் கொடுக்க மறுத்தது. மீட்பும் வருவாய் இழப்பும் சேர்ந்து சுமார் 1.8 கோடி டாலர் என மதிப்பிட்டார்கள். வலையமைப்போடு இணையாத தரவு நகல் ஒன்று எப்போதும் இருக்கட்டும். அதிலிருந்து தரவை மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்தும் பாருங்கள்.

கேள்வி: இனி நேரில் வருபவர்களுக்கான சாளரத்தை மூடிவிடலாமா?

பதில்: கூடாது. கைப்பேசி இல்லாதவரும் வரி கட்டுகிறார்.