எட்டு மாதம் கடந்த பின் புகார் செல்லுமா?

கேள்வி: தொண்டியை அடுத்த மீனவர் குடியிருப்பைச் சேர்ந்தவன் நான். எட்டு மாதங்களுக்கு முன் என் அண்ணன் மகனை விசாரணைக்கென்று அழைத்துச் சென்ற போலீசார், இரண்டு இரவுகள் நிலையத்தில் வைத்து அடித்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவன் இடது கை இன்னும் வலை இழுக்க உதவவில்லை. தண்ணீரில் இருந்துகொண்டு முதலையைப் பகைக்காதே என்கிறார் ஊர்த் தலைவர். இனிப் புகார் கொடுத்தால் செல்லுமா?
- ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: செல்லும், ஆனால் நான்கு மாதங்களே மீதமிருக்கின்றன. 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2)ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மாநில மனித உரிமை ஆணையம் அதை விசாரிக்க இயலாது. ஆணையம் வெறும் பரிந்துரைதானே செய்யும் என்று சிலர் சொல்லக்கூடும். அப்பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

அதைவிட அவசரமானது கண்காணிப்பு கேமராப் பதிவு. காவல் நிலையப் பதிவுகளை 18 மாதங்கள், அதற்கு வசதியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு, வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பின் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், ஹார்ட் டிஸ்கில் போதிய இடமிருந்தும் பதிவுகள் அன்றாடம் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஆகவே தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைத்திருக்குமாறு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இன்றே விரைவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால், விபத்துப் பதிவேட்டின் நகலையும் (ஏ.ஆர். காப்பி என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும்) வாங்குங்கள். அதில் ‘கீழே விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பயத்தில் அப்படிச் சொல்லியிருந்தால், அந்தப் பயத்தின் காரணத்தையும் வெள்ளைத் தாள் கையெழுத்தையும் புகாரிலேயே எழுதிவிட வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான்.

முதலை விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள எஸ்.பி. பட்டினம் காவல் நிலையத்துக்குள் 2014இல் உதவி ஆய்வாளர் சுட்டு ஓர் இளைஞர் இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லப்பட்டது. 2024இல் இராமநாதபுரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் ஓடியவை பத்து ஆண்டுகள். அவ்வளவு காலம் வாய்தாவுக்கு அலையச் சம்மதமா என்பதை உங்கள் அண்ணன் மகனிடம்தான் கேட்க வேண்டும். ஊர்த் தலைவரிடம் அல்ல. புகாரில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான்.