கேள்வி பதில்: குப்பியில் வரும் சாரப் புரதங்கள்

செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் நொதிகளை ஓரிடத்தில் சேர்த்துப் பிடிக்கும் ஸ்கேஃபோல்டு புரதங்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மனித மரபணுவை வேறொரு செல்லில் புகுத்தி இவற்றைத் தயாரிப்பதும், தயாராகக் கிடைப்பதை வாங்குவதும் இப்போது எளிது. சரியாகப் பயன்படுத்துவதுதான் கடினம். கட்டடம் எழுப்பும்போது கட்டும் சாரத்தை நினைத்துக்கொண்டு இவற்றை நான் சாரப் புரதம் என்றே எழுதுகிறேன்.

கேள்வி, முதலாண்டு ஆய்வு மாணவி: வணக்கம் அம்மா. என் நெறியாளர் இந்தப் புரதங்களில் ஒன்றை என்னிடம் கொடுத்திருக்கிறார். இது நொதியும் இல்லை, ஏற்பியும் இல்லை. அப்படியானால் இது செய்யும் வேலைதான் என்ன?

வணக்கம் மா. மூன்று நொதிகள் ஒன்றையடுத்து ஒன்று தூண்டப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்த நெரிசலில் மூன்றும் தற்செயலாகச் சந்திப்பதற்குக் காத்திருந்தால் சமிக்ஞை தாமதமாகும், தவறான ஆளிடமும் போய்ச் சேரும். சாரப் புரதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. ஈஸ்டில் இனச்சேர்க்கைச் சமிக்ஞையைக் கடத்தும் மூன்று கைனேஸ்களையும் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) எஸ்டிஇ5 என்ற புரதம் சேர்த்துப் பிடிக்கிறது என்று 1994இல் தெரிந்தது. இத்துறைக்கு அது ஒரு திறப்பு. மனிதச் செல்லில் ராஃப், மெக், எர்க் என்ற கைனேஸ் வரிசைக்குக் கேஎஸ்ஆர் என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. ஆக்சின் என்ற சாரம், பீட்டா-கேட்டனின் என்ற சமிக்ஞைப் புரதத்தையும் அதை அழிவுக்குக் குறிக்கும் கைனேஸ்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஏகேஏபி79. பாஸ்பேட்டை ஏற்றும் இரண்டு கைனேஸ்களையும், அதை இறக்கும் கால்சிநியூரினையும் அது ஒருசேரப் பிடித்து வைத்திருக்கிறது. ஏற்றுபவரும் இறக்குபவரும் ஒரே மேடையில் நிற்பதால் சமிக்ஞையை நொடியில் தொடங்கவும் முடிகிறது, நிறுத்தவும் முடிகிறது.

கேள்வி: அடாப்டர் புரதமும் சாரப் புரதமும் ஒன்றுதானா?

கறாரான எல்லை கிடையாது. ஜிஆர்பி2 போல இரண்டு பேரை இணைக்கும் சிறிய புரதத்தை அடாப்டர் என்றும், ஒரு பாதையின் பல உறுப்பினர்களைத் தாங்கும் பெரிய புரதத்தைச் சாரம் என்றும் அழைப்பது வழக்கம். இந்தப் பெயர் வேறுபாட்டில் நேரம் செலவிட வேண்டாம்.

கேள்வி, முனைவர் பட்ட ஆய்வாளர்: ஒரே மனிதப் புரதம் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, பூச்சிச் செல்லில் தயாரித்தது, மனிதச் செல்லில் தயாரித்தது என மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஈ.கோலைதான் மலிவு. அதையே வாங்கலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு தகவல்கள் இல்லை: எந்தப் புரதம், அதை எதனோடு ஒட்டவைக்கப் போகிறீர்கள்? அவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. ஆகவே யோசிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

ஜிஆர்பி2வை எடுத்துக்கொள்வோம். 217 அமினோ அமிலங்கள், சுமார் 25 கிலோடால்டன் எடை, நடுவில் ஓர் எஸ்எச்2 டொமைன் (தனியாக மடியும் பகுதி), இருபுறமும் எஸ்எச்3 டொமைன்கள். இது ஈ.கோலையில் நன்றாக மடிகிறது, கரைந்த நிலையிலேயே கிடைக்கிறது. இதற்குப் போய் மனிதச் செல்லில் தயாரித்ததை வாங்குவது வீண் செலவு. ஏனென்றால் பாஸ்பேட் இருக்க வேண்டிய இடம் ஜிஆர்பி2 அல்ல, அது பற்றும் கூட்டாளி. எஸ்எச்2 டொமைன் பாஸ்பேட் ஏறிய டைரோசின் என்ற அமினோ அமிலத்தைத்தான் பற்றும்.

இப்போது ஐஆர்எஸ்1ஐப் பாருங்கள். இன்சுலின் ஏற்பி இதன் டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றிய பிறகே எஸ்எச்2 டொமைன் உள்ள கூட்டாளிகள் வந்து ஒட்டுவார்கள். ஈ.கோலையின் வழக்கமான உற்பத்தி வகைகளில் அந்த வேலையைச் செய்யும் கைனேஸ் இல்லை. அதில் தயாரித்த ஐஆர்எஸ்1 துண்டு அமினோ அமில வரிசையில் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும், ஆனால் அந்தக் கூட்டாளிகள் யாரையும் பற்றாது. குப்பிமேல் தூய்மை 95 சதவீதம் என்று எழுதியிருப்பதும் பொய்யல்ல. தூய்மை வேறு, நிலை வேறு. இதற்கு மூன்று வழிகள் உண்டு: டைரோசின் கைனேஸையும் சேர்த்தே உற்பத்தி செய்யும் ஈ.கோலை வகையைப் பயன்படுத்தலாம். தூய்மைப்படுத்திய பிறகு பாஸ்பேட் தரும் ஏடிபியும் கைனேஸும் சேர்த்து நீங்களே பாஸ்பேட் ஏற்றலாம். அல்லது உயர்வகைச் செல்லில் தயாரிக்கலாம். மனிதச் செல்லில் தயாரித்தாலும் பாஸ்பேட் தானாகச் சரியான இடத்தில் ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம். அந்தச் செல் பட்டினியில் இருந்ததா, இன்சுலின் கொடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து அது மாறும்.

கொழுப்பு அமிலம் ஒட்டும் இடங்களும் உண்டு. நரம்புச் செல்களில் உள்ள சாரமான பிஎஸ்டி-95இன் தொடக்கத்தில் இருக்கும் இரண்டு சிஸ்டீன்களில் பால்மிட்டேட் ஒட்டினால்தான் அது செல் சவ்வுக்குப் போகும். ஈ.கோலை அதைச் செய்யாது. சவ்வோடு சம்பந்தமில்லாத பிணைப்பை மட்டும் அளப்பதென்றால் இந்தக் குறை உங்களைப் பாதிக்காது.

கேள்வி: வாங்கிய புரதத்தில் ஹிஸ் டேக், ஜிஎஸ்டி டேக் என்று ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. அதை வெட்டியே ஆக வேண்டுமா?

டேக் என்பது தூய்மைப்படுத்தும் வசதிக்காகப் புரதத்தின் முனையில் சேர்க்கும் துண்டு. இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பிஎஸ்டி-95இன் பிடிஇசட் டொமைனுக்கும் ஒரு ஏற்பியின் வால் பகுதிக்கும் உள்ள பிணைப்பை அளக்க முயன்றேன். நான்கு மாதங்கள் ஒரு சிறு சமிக்ஞைகூட வரவில்லை. பஃபரை மாற்றினேன், உப்பை மாற்றினேன், புரதத்தைத் திரும்பத் திரும்பத் தயாரித்தேன். கடைசியில் இரண்டு புரதங்களின் வரைபடத்தைக் கண்முன் விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிடிஇசட் டொமைன் பற்றுவது கூட்டாளிப் புரதத்தின் கடைசி நான்கைந்து அமினோ அமிலங்களை. அதுவும் கார்பாக்சில் முனை வெறுமையாக இருந்தால்தான் பற்றும். நானோ ஏற்பி வாலின் அதே முனையில் ஹிஸ் டேக்கை ஒட்டியிருந்தேன். டேக்கை அமினோ முனைக்கு மாற்றிய வாரமே பிணைப்பு தெரிந்தது. ஆகவே எந்த டேக் என்று கேட்பதற்கு முன் எந்த முனையில் என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி வேறு வகைத் தொல்லை. அதன் எடை சுமார் 26 கிலோடால்டன். தானாகவே இரண்டிரண்டாகச் சேரும். அதோடு ஒட்டிய உங்கள் புரதமும் இரட்டையாகிவிடும். பரப்பில் நிலைநிறுத்திய கூட்டாளியின்மேல் அதைப் பாய்ச்சினால் இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்ளும். பிணைப்பு வலிமை உண்மையைவிடப் பன்மடங்கு கூடுதலாகத் தெரியும். ஒரு புரதத்தைப் பிடித்திழுத்து அதோடு ஒட்டியதையும் சேர்த்தெடுக்கும் புல்-டவுன் சோதனைக்கு ஜிஎஸ்டி நல்ல துணை. பிணைப்பு மாறிலியை எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் வெட்டிவிடுங்கள். சிறிய ஹிஸ் டேக் பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனாலும் டேக் மட்டும் உள்ள வேறொரு புரதத்தை ஒப்பீட்டுக்காக எப்போதும் கூடவே ஓட்டுங்கள்.

கேள்வி, ஆய்வக மேலாளர்: கைனேஸ் வாங்கினால் இத்தனை அலகு செயல்திறன் என்று தாளில் எழுதியிருக்கிறார்கள். சாரப் புரதத்துக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. மறைக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் நியாயமானது. ஆனால் பெரும்பாலும் அவர்களிடம் எழுத எதுவும் இல்லை என்பதே உண்மை. நொதி ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றுகிறது, அதை எண்ணலாம். சாரம் எதையும் மாற்றுவதில்லை. அதன் செயல்திறன் என்பது பற்றும் திறன் மட்டுமே. யாரைப் பற்றுவது என்பது வாங்குபவரின் ஆய்வைப் பொறுத்தது. எனவே அந்தச் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஜிஆர்பி2 என்றால், ஈஜிஎஃப் ஏற்பியின் 1068ஆம் டைரோசினைச் சுற்றியுள்ள சிறு பெப்டைடு இரண்டு வாங்குங்கள்: ஒன்று பாஸ்பேட்டோடு, இன்னொன்று பாஸ்பேட் இல்லாமல். முதலாவதைப் பற்றி இரண்டாவதை விட்டால் எஸ்எச்2 டொமைன் சரியாக மடிந்திருக்கிறது. எஸ்எச்3க்குத் தனியாக, சாஸ்1 புரதத்தின் புரோலின் நிறைந்த துண்டைப் பயன்படுத்துங்கள். ஒரு டொமைன் நலமாக இருப்பதால் மற்றதும் நலம் என்று கொள்ள முடியாது. வெப்ப அளவிப் பிணைப்புச் சோதனை செய்ய வசதி இருந்தால் ஒன்றுக்கொன்று என்ற விகிதம் வருகிறதா என்று பாருங்கள். 0.5 என்று வந்தால் குப்பியில் பாதிப் புரதம்தான் வேலை செய்கிறது, அல்லது செறிவு கணக்கு தவறு. இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். குறிப்பாக ட்ரிப்டோஃபேன் இல்லாத துண்டுகளில் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவீட்டை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

கேள்வி, முதுநிலை ஆய்வாளர்: கைனேஸ்கள் இருக்கும் கரைசலில் சாரப் புரதத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். முதலில் சமிக்ஞை ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. புரதம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. சாரம் சாரமாக நடந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. இந்த முடிவைத் தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதல் கைனேஸ் 100 மூலக்கூறு, இரண்டாவது கைனேஸ் 100 மூலக்கூறு. ஒவ்வொரு சாரத்திலும் இருவருக்கும் ஒவ்வோர் இடம். எல்லோரும் இறுக்கமாக, ஒருவரையொருவர் பாதிக்காமல் பற்றுகிறார்கள் என்று கொள்வோம். சாரம் 10 இருந்தால் முழுமையான கூட்டு 10. சாரம் 100 இருந்தால் கூட்டு 100. சாரம் 1000 ஆனால்? பத்தில் ஒரு சாரத்தில்தான் முதல் கைனேஸ் இருக்கும். பத்தில் ஒன்றில்தான் இரண்டாவது இருக்கும். இருவரும் சேர்ந்திருப்பது நூற்றில் ஒன்று. ஆயிரத்தில் 10 கூட்டுதான் மிஞ்சும். பத்துச் சாரம் இருந்தபோது கிடைத்த அதே எண்ணிக்கை! கைனேஸ்கள் தனித்தனிச் சாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் போகிறார்கள். அடுக்கில் மூன்றாவது கைனேஸும் சேர்ந்தால் வீழ்ச்சி இன்னும் செங்குத்தாக இருக்கும்.

இந்தக் குணம் துறையையே குழப்பியிருக்கிறது. ஜேஐபி1 என்ற புரதம் 1997இல் ஜேஎன்கே கைனேஸின் தடுப்பானாகத்தான் அறிமுகமானது. செல்லில் அதை மிகுதியாக உற்பத்தி செய்தபோது சமிக்ஞை அடங்கியது. அடுத்த ஆண்டே, அது ஜேஎன்கேவையும் அதற்கு மேலுள்ள கைனேஸ்களையும் சேர்த்துப் பிடிக்கும் சாரம் என்று தெரிந்தது. ஒரே ஓர் அளவில் சோதித்து இது தூண்டும், இது தடுக்கும் என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குறைந்தது எட்டுச் செறிவுகள், கைனேஸின் செறிவுக்குக் கீழிருந்து மேல்வரை எடுங்கள். அளவை மைக்ரோகிராமில் வைக்காமல் மோலாரில் மாற்றிக்கொள்ளுங்கள். 25 கிலோடால்டன் புரதம் 50 மைக்ரோகிராமை 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் 20 மைக்ரோமோலார். 150 கிலோடால்டன் புரதம் அதே எடையில் 3.3 மைக்ரோமோலார்தான்.

கேள்வி: ஐஆர்எஸ்1 கணக்குப்படி 132 கிலோடால்டன். ஜெல்லில் 170ஐ ஒட்டி ஓடுகிறது. தவறான புரதமா?

அவசரப்பட வேண்டாம். இத்தகைய புரதங்களின் பெரும்பகுதி நிலையான மடிப்பு இல்லாத தளர்ந்த சரடு. அப்படிப்பட்ட பகுதிகள் பெரும்பாலும், ஜெல்லில் புரதத்தை நகரவைக்கும் எஸ்டிஎஸ்ஸைக் குறைவாகவே பிடிக்கின்றன, அதனால் மெதுவாக நகர்கின்றன. பாஸ்பேட் ஏறியிருந்தால் இன்னும் மெதுவாகும். எடையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிசெய்யுங்கள். ஜெல்லில் நான் அதிகம் கவனிப்பது கீழே தெரியும் சிறு பட்டைகளைத்தான். தளர்ந்த பகுதிகளைப் புரதம் வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்கள் எளிதில் கடித்துவிடும்.

கேள்வி, முதுகலை மாணவர்: ஜிஆர்பி2வை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் வளர்ப்பூடகத்தில் சேர்த்தேன். எர்க் பாதை தூண்டப்பட்டது. மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது!

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஜிஆர்பி2 செல்லுக்குள் வேலை செய்யும் புரதம். வெளியே ஊற்றினால் அது தானாகச் சவ்வைக் கடந்து போகாது. ஈ.கோலையில் தயாரித்தது என்றால் அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் கூடவே வந்திருக்கலாம். மேக்ரோஃபேஜ்கள் டிஎல்ஆர்4 ஏற்பி வழியாக அதை மிக நுண்ணிய அளவிலும் உணர்ந்து எர்க் பாதையைத் தூண்டிவிடும்.

நாளையே ஒரு சோதனை செய்யுங்கள். புரதக் கரைசலில் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்துச் சேருங்கள். கொதித்த புரதம் வேலை செய்யாது, எண்டோடாக்சின் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கொதித்ததும் அதே அளவு தூண்டினால் காரணம் புரதம் அல்ல. இன்னொரு குழாயில் எண்டோடாக்சினைப் பிடித்து அடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்து, தூண்டல் அடங்குகிறதா என்றும் பாருங்கள். முடிவு வரும்வரை நெறியாளரிடம் படம் காட்ட வேண்டாம்.

கேள்வி: இரண்டு புரதங்களையும் கலந்தவுடன் கரைசல் பால்போலக் கலங்கிவிட்டது. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள், நுண்ணோக்கியில் பாருங்கள். வடிவமற்ற கட்டிகள் தெரிந்தால் அது வீழ்படிவு. உருண்டையான துளிகளாக, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதாகத் தெரிந்தால் அது திரவநிலைப் பிரிவு. பல கைகள் உள்ள சாரங்கள் பல கைகள் உள்ள கூட்டாளிகளோடு வலைபோலப் பின்னும்போது இப்படி நடக்கும். 2016இல் பிஎஸ்டி-95ம் அதன் கூட்டாளியான சின்கேப்பும் சேர்ந்து துளிகளாவதையும், பாஸ்பேட் ஏறிய லாட் புரதம் ஜிஆர்பி2, சாஸ்1 ஆகியவற்றோடு சவ்வின்மேல் திரள்வதையும் தூய்மைப்படுத்திய புரதங்களைக் கொண்டே காட்டினார்கள். உப்பைக் கூட்டியோ கரைசலை நீர்க்கச் செய்தோ பாருங்கள். துளிகள் பெரும்பாலும் கரைந்துவிடும், வீழ்படிவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். டேக் வெட்டாத புரதத்தில் மட்டும் இது நடந்தால் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: சேமிப்பு பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.

ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவிடாதீர்கள். தாங்குபுரதமாக மாட்டு அல்புமின் சேர்த்த குப்பி நீண்ட நாள் தாங்கும். ஆனால் சாயம் ஒட்டவோ பரப்பில் நிலைநிறுத்தவோ போகிறீர்கள் என்றால் அல்புமின் இல்லாததை வாங்குங்கள். இல்லையென்றால் சாயம் அல்புமினில்தான் ஒட்டும்.

கேள்வி: தானே பனி நீக்கும் உறைபெட்டியில், மைனஸ் 20இல், இரண்டு ஆண்டுகளாக ஒரு குப்பி கேஎஸ்ஆர் கிடக்கிறது. இப்போது எடுத்துப் பயன்படுத்தலாமா?

அந்த வகைப் பெட்டி பனியை நீக்க அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. உங்கள் குப்பி அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை பாதி உருகியதோ தெரியாது. முதலில் வேகமாகச் சுழற்றி அடியில் படிவு இருக்கிறதா பாருங்கள். மேலே தெளிந்ததை ஜெல்லில் ஓட்டுங்கள், அளவுப் பிரிப்புக் குழாயிலும் ஓட்டுங்கள். ஒரே கூர்மையான முகடாக வந்து மெக்கையும் பற்றினால் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பிணைப்பு மாறிலி அளப்பதற்குப் புதிதாகத் தயாரியுங்கள்.