சனிக்கிழமை மூன்றரை மணி: ஜெர்மன் கால்பந்து குறித்த வாசகர் கேள்விகள்

ஜெர்மன் தொழில்முறைக் கால்பந்தைத் தொடர்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள் இடம்பெறுகின்றன.

இத்தனை நாளும் இங்கிலாந்து ஆட்டங்களை மட்டுமே பார்த்துவந்தேன். இந்தப் பருவத்திலிருந்து புண்டஸ்லிகாவையும் தொடர நினைக்கிறேன். ஆட்டங்கள் நம் நேரப்படி எப்போது நடக்கும்?
— வாசகர், கோயம்புத்தூர்

ஜெர்மனியின் முதல் பிரிவு லீகான புண்டஸ்லிகாவில் 18 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளுடன் சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையும் மோதுவதால், ஆகஸ்ட் பிற்பகுதி தொடங்கி மே மாதம் வரை 34 சுற்றுகள் நடைபெறுகின்றன. ஒரு சுற்றின் ஒன்பது ஆட்டங்களில் முதலாவது ஜெர்மன் நேரப்படி வெள்ளி இரவு எட்டரை மணிக்கு நடக்கும். சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு நான்கு அல்லது ஐந்து ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். அன்று மாலை ஆறரை மணி, அந்தச் சுற்றின் பெரிய ஆட்டத்துக்கு உரியது. மீதமுள்ளவை ஞாயிற்றுக்கிழமைக்கு.

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நமக்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மற்ற மாதங்களில் மூன்றரை மணி நேரம். எனவே சனிக்கிழமை ஆட்டங்கள் நமக்கு இரவு ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ தொடங்கும். வெள்ளிக்கிழமை ஆட்டம் நள்ளிரவையோ அதற்குப் பின் ஒரு மணியையோ தொட்டுவிடும். ஒளிபரப்பு உரிமை அவ்வப்போது கைமாறுவதால், பருவம் தொடங்கும்போது எந்த அலைவரிசை, எந்தச் செயலி என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வெள்ளி இரவில் கண் விழிக்க முடியாவிட்டால் பெரிய இழப்பில்லை. சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்து ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினால் ஒன்றைத்தானே பார்க்க முடியும்? ஒவ்வொன்றையும் தனித்தனி நேரத்தில் வைத்தால் எல்லாவற்றையும் பார்க்கலாமே?
— வாசகர், திருச்சி

தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவருக்கு நீங்கள் சொல்வது வசதிதான். ஆனால் அட்டவணை அவர் ஒருவருக்காக மட்டும் வகுக்கப்பட வேண்டியதில்லை என்பதில் ஜெர்மன் ரசிகர்கள் மிக உறுதியாக இருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் ஆட்டம் நடந்தால், ஃப்ரைபர்க்கிலிருந்து பிரேமனுக்கு ரயிலில் செல்லும் வெளியூர் ரசிகர் காலையில் கிளம்பி, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்ப முடியும். மைதானத்தில் பத்தில் ஒரு பங்கு இடம் வெளியூர் அணியின் ஆதரவாளர்களுக்கென்று ஒதுக்கப்படும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஒரே நேரத்தில் நடப்பதில் தனிச் சுவையும் இருக்கிறது. பொது ஒலிபரப்பு அமைப்பான ஏ.ஆர்.டி.யின் வானொலிகளில் சனிக்கிழமைதோறும் வரும் 'கான்ஃபெரென்ட்ஸ்' என்ற நிகழ்ச்சியைக் கேட்டால் அது விளங்கும். ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு வர்ணனையாளர் அமர்ந்திருப்பார். நிலையத்தில் இருப்பவர் அவர்களை மாற்றி மாற்றி இணைப்பார். மைன்ஸ் நகர ஆட்டத்தை ஒருவர் நிதானமாக விவரித்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு குரல் குறுக்கே புகுந்து "கோல்! ஃப்ரைபர்க்கில் கோல்!" என்று கத்தும். யார் அடித்தது என்று தெரியவரும் முன்பே, கேட்பவர் மனத்தில் புள்ளிப்பட்டியல் இடம் மாறத் தொடங்கிவிடும். தொலைக்காட்சியிலும் இதே முறையில் மைதானத்துக்கு மைதானம் தாவும் ஒளிபரப்பு உண்டு. என் தேர்வு வானொலிதான். காட்சி இல்லாததால், பின்னணியில் எழும் கூட்டத்தின் இரைச்சல் கூடியதா அடங்கியதா என்பதை வைத்தே வர்ணனையாளர் வாய் திறக்கும் முன் எந்த அணி கோல் போட்டது என்று சொல்லிவிடலாம். ஜெர்மன் மொழி தெரியாதவருக்குக்கூட ஊர்ப்பெயர்களும் எண்களும் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

ஆட்டங்கள் முடிந்த கையோடு மாலை ஆறரை மணிக்கு, 1961 முதல் வந்துகொண்டிருக்கும் 'ஷ்போர்ட்ஷௌ' நிகழ்ச்சியில் அன்றைய ஆட்டங்களின் தொகுப்பைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். பின்னிரவில் இசட்.டி.எஃப். அலைவரிசையின் விளையாட்டு அரங்க நிகழ்ச்சியில், இரண்டு ஓட்டைகள் கொண்ட மரப்பலகையின் முன் விருந்தினரை நிறுத்தி, கீழ் ஓட்டைக்கு மூன்றும் மேல் ஓட்டைக்கு மூன்றுமாகப் பந்துகளை அடிக்கச் சொல்வார்கள். பல தலைமுறைகள் இந்த வரிசையிலேயே சனிக்கிழமையைக் கழித்திருக்கின்றன.

சில ஆட்டங்களில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டத்தை நிறுத்திய காட்சிகளைப் பார்த்தேன். சொந்த அணியின் ஆட்டத்தையே கெடுப்பது என்ன வகை ஆதரவு?
— வாசகர், மதுரை

நியாயமான கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் கிளப்புகள் அடிப்படையில் உறுப்பினர் சங்கங்கள். சந்தா கட்டிச் சேர்பவர்கள் பொதுக்குழுவில் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயர்ன் மியூனிக்கில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்து முதலீடு பெறலாம் என்று 1998இல் விதி தளர்த்தப்பட்டபோது, வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் சங்கத்தின் கையில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. 'ஐம்பது கூட்டல் ஒன்று' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மருந்து நிறுவனத் தொழிலாளர்களால் தொடங்கப்பட்ட லெவர்குசனுக்கும், வோக்ஸ்வாகன் ஆலையின் ஊரான வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் விலக்கு உண்டு. வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை மிகச் சிலராகவே வைத்துக்கொண்டு, விதியின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தைத் தவிர்த்ததாக, ரெட் புல் பான நிறுவனத்தின் லைப்சிக் அணிமீது மற்ற ரசிகர்களுக்குத் தீராத கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் கருதுகிறேன்.

தங்களுடையது என்று எண்ணும் ஒன்றைத் தங்களைக் கேட்காமல் மாற்றும்போதுதான் அவர்கள் எதிர்க்கிறார்கள். திங்கட்கிழமை இரவு ஆட்டங்களை முதல் பிரிவில் புகுத்தியபோது, 2018 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்–லைப்சிக் ஆட்டத்தில் டென்னிஸ் பந்துகள் பறந்தன. ஒரு வாரம் கழித்து, எண்பதாயிரம் பேர் நிறையும் டோர்ட்மண்ட் மைதானத்துக்கு ஏறத்தாழ 54 ஆயிரம் பேர்தான் வந்தார்கள்; மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் வீட்டிலேயே இருந்து தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். 2021–22 பருவத்திலிருந்து திங்கட்கிழமை ஆட்டங்கள் கைவிடப்பட்டன.

நீங்கள் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் 2023–24 பருவத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 விழுக்காட்டை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்து, ஏறத்தாழ நூறு கோடி யூரோ பெறும் திட்டத்துக்கு 2023 டிசம்பரில் முதல் இரண்டு பிரிவுகளின் 36 கிளப்புகளில் 24 ஆதரவளித்தன. தேவையான மூன்றில் இரண்டு பங்கும் சரியாக அதே 24தான். வாக்கெடுப்பு ரகசியமாக நடந்தது. ஹானோவர் அணியின் பிரதிநிதி தம் சங்கத்தின் கட்டளைக்கு மாறாக வாக்களித்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததும் எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. பந்துகளோடு, தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களும் எறியப்பட்டன. தொலைவிலிருந்து இயக்கும் பொம்மைக் கார்கள் புகை கக்கியபடி புல்தரையில் சுற்றிவந்தன. பெர்லினில் நடந்த ஹெர்தா–ஹாம்பர்க் ஆட்டம் அரை மணி நேரம் நின்றுபோனது. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

வீரர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், எவரையும் காயப்படுத்தாத, ஆட்டத்தை நிறுத்த மட்டுமே போதுமான ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆட்டத்தைக் கெடுக்க வந்தவர்கள் அல்லர். விலக்கப்பட்ட தீப்பந்தங்களைக் கொளுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. டென்னிஸ் பந்துகளின் கதை வேறு.

யார் வெல்வார்கள் என்று முன்பே தெரிந்த போட்டியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? எப்போதும் பயர்ன் மியூனிக்தானே?
— வாசகர், யாழ்ப்பாணம்

2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினோரு முறை பயர்ன் வென்றது உண்மை. அது லீகுக்கு நல்லதல்ல என்பதும் உண்மை. வெளியார் பணம் கட்டுப்படுத்தப்பட்ட நாட்டில், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் கிளப் ஐரோப்பியப் போட்டிகளின் வருமானத்தால் மேலும் பெரிதாகிறது. மற்றவர்கள் எட்டிப்பிடிக்க வழி குறைவு. உறுப்பினர் ஆட்சிக்கு ஜெர்மானியர்கள் கொடுக்கும் விலை இது என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் அந்தப் பதினோராவது பட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். 2023 மே 27, கடைசிச் சுற்று; கடைசிச் சுற்றின் ஒன்பது ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்த டோர்ட்மண்ட், சொந்த மைதானத்தில் மைன்ஸை வென்றால் போதும். அரை மணி நேரம் ஆவதற்குள் இரண்டு கோல்கள் வாங்கியது. நடுவே கிடைத்த பெனால்ட்டியையும் தவறவிட்டது. 81ஆவது நிமிடத்தில் கொலோன் அணி பயர்னுக்கு எதிராகச் சமன் செய்தபோது, தோற்றுக்கொண்டிருந்த நிலையிலும் டோர்ட்மண்ட் சாம்பியன் நிலையில் இருந்தது. 89ஆவது நிமிடத்தில் பயர்னின் முசியாலா அடித்த கோல் அதைப் பறித்தது. டோர்ட்மண்ட் 2–2 என்று சமன் செய்ய, இரு அணிகளும் 71 புள்ளிகளில் நிற்க, கோல் வித்தியாசத்தில் பயர்ன் வென்றது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் எடின் டெர்சிச் கண்ணீரோடு தென்புற கேலரியின் முன் நின்றார். அங்கிருந்தவர்கள் அவரைத் திட்டவில்லை, அவருக்காகப் பாடினார்கள்.

அடுத்த பருவத்திலேயே, அதுவரை ஒரு முறைகூட லீகை வெல்லாத லெவர்குசன், ஷாபி அலோன்சோவின் பயிற்சியில் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், 28 வெற்றி, 6 சமன் என்ற கணக்கில் பட்டம் வென்றது. 2024–25இல் பட்டம் மீண்டும் பயர்னுக்குப் போனது.

பட்டியலின் அடிப்பகுதியையும் மறக்காதீர்கள். கடைசி இரண்டு அணிகள் நேரடியாகக் கீழே இறங்கும். 16ஆவது அணி இரண்டாம் பிரிவின் மூன்றாவது அணியோடு இரண்டு ஆட்டங்கள் மோதித் தன் இடத்தைக் காக்க வேண்டும். 1963இல் லீக் தொடங்கிய நாள் முதல் ஒரு முறையும் இறங்காமல், அந்தக் காலத்தை நொடிக்கணக்கில் காட்டும் கடிகாரத்தை மைதானத்திலேயே மாட்டியிருந்த ஹாம்பர்க் 2018இல் இறங்கி, 2025இல்தான் திரும்பி வந்தது. மே மாதத்தில் எனக்கு அதிகம் பதைப்பது இந்த அணிகளுக்காகத்தான்.

டோர்ட்மண்டில் படிக்கும் மகனைப் பார்க்கச் செல்கிறோம். ஓர் ஆட்டம் பார்க்க முடியுமா? பெண்களும் கூட்டத்தில் நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகி, சென்னை

தாராளமாக இருக்கலாம், குடும்பங்களும் முதியவர்களும் வருவது அங்கே வழக்கம். 81,365 பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் தென்புற கேலரி மட்டும் 24,454 பேர் நின்றுகொண்டு பார்க்கும் இடம். தொண்ணூறு நிமிடமும் நின்று, பாடி, குதிக்க விருப்பமில்லையென்றால் அதைத் தவிர்த்துப் பக்கவாட்டு இருக்கைகளைத் தேடுங்கள். உறுப்பினர்களுக்கு முன்னுரிமை என்பதால் சீட்டு கிடைப்பது கடினம். மகனை இப்போதே உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள். தெருவில் விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். பல கிளப்புகளின் நுழைவுச் சீட்டைக் காட்டி அன்று உள்ளூர் பஸ், ரயில்களில் இலவசமாகச் செல்லலாம். உங்கள் சீட்டில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பானம் வாங்கும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும்.

சற்று முன்னதாகவே உள்ளே சென்றுவிடுங்கள். சொந்த அணியின் வீரர்களை அறிவிக்கும்போது அறிவிப்பாளர் முதற்பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவார். குடும்பப்பெயரை மைதானமே முழங்கும். கோல் விழுந்தாலும் அப்படித்தான்: சொந்த அணியின் எண்ணிக்கையை அவர் சொல்ல, எதிரணியின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் கூட்டம் "பூஜ்ஜியம்!" என்றே கத்தும். அவர் நன்றி சொல்வார். எண்பதாயிரம் பேரும் பதில் மரியாதை சொல்வார்கள்.

சீட்டு கிடைக்காவிட்டால், ரயிலில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய போஹும் (Bochum) என்ற நகரின் மைதானத்தை முயன்று பாருங்கள். டோர்ட்மண்ட் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 2015இல் திறக்கப்பட்ட ஜெர்மன் கால்பந்து அருங்காட்சியகமும் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் எந்த அணியைத் தேர்ந்தெடுக்கலாம்?
— வாசகர், திருநெல்வேலி

வெல்லும் அணியைத் தேடாமல், ரசிகர்கள் எந்தக் கிளப்பை எப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை யூனியன் பெர்லின். பணமின்றித் தவித்த 2004இல் அதன் ரசிகர்கள் ரத்த தானம் செய்து, கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008–09இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, சிமென்ட் கலவை சுமந்து, காட்டோரத்தில் இருக்கும் தங்கள் மைதானத்தைத் தாங்களே புதுப்பித்தார்கள். 2019இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த பிறகும் அங்கே பெரும்பாலோர் நின்றுகொண்டுதான் பார்க்கிறார்கள்.

அது பிடிக்காவிட்டால் ஹாம்பர்க்கின் சாங்க்ட் பௌலியைப் பாருங்கள். அண்மையில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கித் தங்கள் மைதானத்தின் பெரும்பகுதியை அந்தச் சங்கத்தின் உடைமையாக்கியிருக்கிறார்கள். இரண்டாம் பிரிவையும் ஒதுக்கிவிடாதீர்கள். சனிக்கிழமை ஜெர்மன் நேரப்படி இரவு எட்டரை மணிக்கு நடக்கும் இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கும் பெரிய மைதானங்கள் நிறைகின்றன. நமக்கு நள்ளிரவு கடந்துவிடும் என்பதால், மறுநாள் காலையில் அதன் தொகுப்பைப் பார்த்துவிட்டு, மாலையில் ஞாயிறு ஆட்டங்களுக்கு உட்காரலாம்.