முன்சக்கர இயக்கக் காரின் வளைவுப் பிடிப்பை மேம்படுத்த, சஸ்பென்ஷனில் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

உங்களுடையது 2013ஆம் ஆண்டு டீசல் ஸ்விஃப்ட் என்றும், மலைப்பாதை வளைவுகளில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டியின் முன்பக்கம் வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகள் வாங்கிப் பொருத்தினால் இது சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. அவற்றை வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் நாமக்கல்லில் வசிக்கிறேன். அதே தலைமுறை ஸ்விஃப்டின் பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நீங்கள் வாங்க நினைக்கும் ஸ்பிரிங்கைத்தான் நானும் முதலில் வாங்கினேன். சில மாதங்களில் கழற்றியும் விட்டேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பக்கம் ஏன் தள்ளுகிறது என்பதை முதலில் பார்ப்போம். முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும் இந்த அமைப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் முன் அச்சின் மேல் இருப்பதால், காரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன் டயர்களின் மேல் இறங்குகிறது. டீசல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ நூறு கிலோ கூடுதல் எடை கொண்டது. அந்தக் கூடுதலின் பெரும்பகுதியும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது ஆகிய மூன்று வேலைகளும் அந்த இரண்டு டயர்களுக்கே உரியவை. ஒரு டயரால் தரையைப் பற்றிக்கொள்ள முடிந்த மொத்த விசைக்கு ஓர் எல்லை உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அதில் ஒரு பங்கு இழுப்பதற்குப் போய்விடுவதால், திருப்புவதற்கு மிஞ்சுவது குறைகிறது. மேலேறும் சாலையில் எடை பின்பக்கம் சாய்வதால் முன் டயர்களின் அழுத்தம் இன்னும் தளர்கிறது. கொல்லிமலை வளைவுகளின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் செங்குத்தாக இருப்பதால், அங்கே உட்புற முன்சக்கரம் வெறுமனே சுழல்வதையும் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

இத்துடன் டயரின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டயரின் மேல் சுமை இரண்டு மடங்கானால் அதன் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே ஓர் அச்சின் இரண்டு டயர்களும் சுமையை ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, வெளிப்புற டயரே பெரும்பகுதியைச் சுமக்கும்போது கிடைப்பதில்லை. வளைவில் எந்த அச்சு அதிக விறைப்பாக இருக்கிறதோ, அந்த அச்சில்தான் சுமை உள்ளிருந்து வெளியே அதிகமாக மாறுகிறது. பின்பக்கம் அப்படியே இருக்க முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால், ஏற்கெனவே திணறும் முன் டயர்களிடமிருந்து மேலும் பறிக்கிறோம் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சஸ்பென்ஷனில் நாம் செய்யும் எந்த மாற்றமும் முன் டயர்களின் பாரத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் வண்டிக்குப் பத்து வயது கடந்துவிட்டது. எனவே புதிய பொருள் எதையும் வாங்குமுன், இருப்பது தொழிற்சாலை நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையான புஷ் கிழிந்திருந்தால், பிரேக் அடிக்கும்போது ஆர்ம் பின்னுக்கு நகர்ந்து சக்கரத்தின் கோணமே மாறிவிடும். ஸ்டீயரிங் சொல்வதைச் சக்கரம் சற்றுத் தாமதித்தே கேட்கும். பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகிய இணைப்புப் பகுதிகளையும் பார்க்க வேண்டும். சிறு பள்ளங்களில் டக் டக் என்று ஒலி வந்தால், இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். என் வண்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன், நான் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "மொதல்ல புஷ்ஷப் பாப்போங்க, அப்புறம் மத்ததெல்லாம்" என்றார். ஆர்ம் புஷ் இரண்டும் கிழிந்திருந்தன. அவற்றை மாற்றிய பிறகு கிடைத்த திருத்தம், அதன்பின் நான் செய்த பல செலவுகளில் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பல பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை. ரப்பர் புஷ் மாட்டும்போது, வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதும் முடுக்கிவிடக் கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை ஆர்மின் மேல் இறங்கிய பின்னரே கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். பட்டறையில் அருகில் நின்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அக்கறையுள்ள மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது டயர். சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்டவருக்கு டயரைச் சொல்வது சுற்றி வளைப்பதாகத் தோன்றலாம். ஆனால் சஸ்பென்ஷனின் வேலையே டயரைத் தரையில் சரியாகப் பதித்து வைப்பதுதான். உங்கள் வண்டியில் 165/80 அளவுள்ள 14 அங்குல டயர் இருந்தால், அதே காரின் உயர்நிலை வகைகளில் நிறுவனமே கொடுத்த 185/65, 15 அங்குல அளவுக்கு மாறலாம். இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 620 மி.மீ. என்பதால் வேகமானியும் தரை இடைவெளியும் மாறாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் உயரம் 132 மி.மீ.யிலிருந்து 120 மி.மீ.யாகக் குறைந்து, வளைவில் அது மடங்குவதும் குறைகிறது. 17 அங்குலத்துக்குப் போக வேண்டாம். வீலின் எடை கூடினால், நம் சாலைகளின் மேடுபள்ளங்களில் சக்கரத்தைக் கட்டுப்படுத்த ஷாக் அப்சார்பர் திணறும்.

ஷாக் அப்சார்பர்கள் 70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால், எண்ணெய்க் கசிவு இல்லாவிட்டாலும் அவற்றின் வலு குறைந்திருக்கக்கூடும். ஸ்பிரிங்கை மாற்றாமல், நான்கு ஷாக் அப்சார்பர்களை மட்டும் சற்று விறைப்பான, வாயு நிரப்பிய தரமான வகைக்கு மாற்றுவது இந்தக் காருக்கு மிக நல்ல மேம்பாடு என்பது என் கருத்து. வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரும். அந்தச் சாய்வு எவ்வளவு வேகத்தில், எவ்வளவு ஒழுங்காக நிகழும் என்பதைத் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பர். அடுத்தடுத்து இடமும் வலமுமாக வரும் வளைவுகளில், ஒரு பக்கச் சாய்வு அடங்குமுன் மறுபக்கம் திருப்ப நேரும்போது, இந்த வேறுபாடு கைகளில் தெளிவாகத் தெரியும்.

இனி, உயரக் குறைப்பைப் பற்றி. ஸ்விஃப்டின் முன்பக்கத்தில் இருப்பது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஸ்ட்ரட் என்ற ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. வண்டியைக் கீழிறக்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது, காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், சாய்க்கும் விசையின் நெம்புகோல் நீளமும் கூடுகிறது. வண்டி தாழ்ந்திருந்தும், ஸ்பிரிங் தரும் கூடுதல் விறைப்பின் ஒரு பகுதி இந்த இழப்பை ஈடுகட்டவே செலவாகிறது. ஷாக் அப்சார்பரின் பயணத் தூரமும் குறைந்து, வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் ஸ்ட்ரட் ரப்பர் தடுப்பில் இடித்து, அந்தக் கணத்தில் முன்பக்கம் திடீரென்று வழுக்குகிறது. எனக்கு ஒரு பட்டறையில் 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டபோது நடந்தது இதுதான். 170 மி.மீ. தரை இடைவெளியில் அவ்வளவு போய்விட்ட பிறகு, ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பாகம் உரசியது தனிக் கவலை. இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்குவதைப் பற்றி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுவதும் கீழிறங்கும் நேரத்தில் இடம் மாறிவிடவும் கூடும். அது உயிரோடு விளையாடும் வேலை.

பணம் அதிகம் கேட்காமல் பெரிய பலன் தருவது வீல் அலைன்மென்ட். மெக்ஃபர்சன் அமைப்பில் உடல் சாயும்போது வெளிப்புற முன்சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் வெளி ஓரத்தில் மட்டும் பாரம் ஏறுகிறது. உங்கள் முன் டயர்களின் வெளித்தோள் நடுப்பகுதியைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால் அதுவே சான்று. சக்கரத்தின் மேல்பகுதி சற்று உட்பக்கம் சாய்ந்திருக்குமாறு, அதாவது ஒரு பாகையிலிருந்து ஒன்றரைப் பாகை வரை எதிர்மறைக் கேம்பர் வைத்தால், வளைவில் டயர் முழு அகலத்தோடு தரையில் படியும். ஸ்ட்ரட்டின் அடியில் உள்ள இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக, இந்தச் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டு இதைச் செய்யலாம். கேம்பரை மாற்றினால் டோ அளவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், தானாக மாறிவிடும் என்பதால், டோவைக் கடைசியாகச் சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். டயரின் உள் ஓரத்தை விரைவில் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, தவறான டோதான்.

இவையெல்லாம் முடிந்தும் முன்பக்கம் தள்ளினால் மட்டுமே பின்பக்க ஸ்டெபிலைசர் பாரை எண்ணிப் பாருங்கள். ஸ்விஃப்டின் பின்பக்கத்தில் இருப்பது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீம்; அந்தப் பீமே முறுக்கத்தை எதிர்த்து ஓரளவு ஸ்டெபிலைசர் பார் போல வேலை செய்கிறது. அதனோடு இன்னொரு கம்பியைச் சேர்த்துப் பின் அச்சை விறைப்பாக்கினால், வளைவில் சுமை மாற்றத்தில் முன்னைவிடக் கூடுதல் பங்கைப் பின் டயர்கள் ஏற்றுக்கொள்கின்றன. முன் டயர்கள் இரண்டும் தங்களுக்குள் சுமையைச் சற்றுச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. உட்புறப் பின்சக்கரம் தரையை விட்டு இலேசாக எழும்பினாலும், அது இழுவைச் சக்கரம் அல்ல என்பதால் இழப்பு பெரிதில்லை. முன்சக்கர இயக்கப் பந்தயக் கார்கள் மூன்று சக்கரங்களில் வளைவது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நடப்பதும் இதுவே. 1960களில் மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 என மூன்று முறை வென்ற மினி கூப்பர், சிறிய முன்சக்கர இயக்கக் காராலும் பெரிய எஞ்சின்களை மலைவளைவுகளில் முந்த முடியும் என்று காட்டியது.

ஆனால் இந்தக் கம்பியால் ஓர் ஆபத்தும் வருகிறது. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னுக்குப் பாய்ந்து, ஏற்கெனவே பிடிப்பைத் தியாகம் செய்திருக்கும் பின்பக்கம் வழுக்கிச் சுழலக்கூடும். தொழிற்சாலையில் காரின் முன்பக்கம் தள்ளுமாறு வேண்டுமென்றே அமைப்பது இதைத் தவிர்க்கத்தான். சாதாரண ஓட்டுநர் பயந்து காலை எடுக்கும்போது வண்டி வளைவுக்குள் அமைதியாகத் திரும்பி வரும். எனவே கிடைப்பதில் மிக மெல்லிய கம்பியையே தேர்ந்தெடுங்கள். பொருத்திய பிறகு, முதலில் ஆளில்லாத திறந்த இடத்திலோ, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்திலோ பழகிப் பாருங்கள். எதிரே பேருந்து இறங்கிவரும் மலைப்பாதை அதற்கான இடம் அல்ல. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்பதே தெரியாமல் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், கம்பியோ வேறு அளவு வீலோ போடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

டயர் மாற்றும் வழக்கத்தையும் அதன்பின் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு புதிய டயர் மட்டும் வாங்குகிறவர்கள், முன்பக்கம்தான் விரைவில் தேய்கிறது என்று அவற்றை முன்னால் போடச் சொல்வார்கள். பின் ஸ்டெபிலைசர் பார் போட்ட வண்டியில், மழைக்காலத்தில் தேய்ந்த டயர்கள் பின்னால் இருப்பது பெரும் ஆபத்து. புதிய இரண்டையும் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல இரண்டை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.